வெளிச்சத்துக்கு முன் இருட்டு: 1:350 எண்டர்பிரைஸ் மாதிரிக்கு விளக்கு அமைத்த பதிவு

எண்டர்பிரைஸ் விண்கப்பலின் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புப் பெட்டியைப் பிரித்துப் பாகங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு முடித்ததும், பசையையோ கத்தியையோ தொடுவதற்கு முன்பாக, கப்பலின் முன்பகுதியான பெரிய வட்டத் தட்டின் மேல்பாதியை எடுத்துக்கொண்டு, அறை விளக்கை அணைத்துவிட்டு, அதன் உட்குழிவில் ஒரு சிறிய டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். சன்னல்களின் வழியாக மட்டும் வர வேண்டிய வெளிச்சம் பிளாஸ்டிக்கையே ஊடுருவிக்கொண்டு தட்டு முழுவதும் பரவியது. என் விரல்களின் நிழல்கூட வெளிப்புறத்தில் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஐந்து நிமிடச் சோதனைதான் அடுத்து வந்த ஏழு மாத வேலையின் வரிசையைத் தீர்மானித்தது. விண்கப்பல் மாதிரிக்கு விளக்கு அமைக்கப் போகிறோம் என்றதும் எங்கெங்கே ஒளி வர வேண்டும் என்றுதான் எண்ணத் தொடங்குகிறோம். வேலையில் இறங்கிய பிறகோ, எங்கெங்கே ஒளி வரக் கூடாது என்பதைப் பார்த்துப் பார்த்து அடைப்பதற்கே பெரும்பகுதி நேரம் போய்விடுகிறது.

நான் எடுத்துக்கொண்டது, 1979‑இல் வெளிவந்த முதல் ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தில் வரும் எண்டர்பிரைஸ் கப்பலின் 1:350 அளவு பிளாஸ்டிக் தொகுப்பு. கதையின்படி கப்பலின் நீளம் ஏறத்தாழ 305 மீட்டர்; ஆகவே மாதிரி 87 சென்டிமீட்டர் வருகிறது. அளவு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது இந்தப் பணியில் மிகவும் உதவியது. மாதிரியின் 1 மில்லிமீட்டர், கப்பலில் 35 சென்டிமீட்டர். ஒரு சன்னல் சில மில்லிமீட்டர் உயரத்துக்குப் போனாலே அது மனிதர் எட்டிப் பார்க்கும் சன்னலாக இல்லாமல் மண்டபத்தின் கண்ணாடிச் சுவராகத் தோன்றத் தொடங்கும். அதே கணக்கில், இரு பாதிகள் சேரும் கோட்டில் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து அதில் வெளிச்சம் கசிந்தால், கப்பலின் உடலில் 7 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவு இருப்பதாகப் பொருள். விண்வெளியில் செல்லும் கலத்தில் அப்படி ஒரு பிளவைக் கண் ஒப்புக்கொள்ளாது. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அது பொம்மை என்று உடனே தோன்றிவிடும்.

கம்பிகளை எந்த வழியாக வெளியே கொண்டுவருவது என்ற கேள்விக்கு, இந்தக் கப்பலின் மூத்த வடிவமே ஒரு பாடம் சொல்கிறது. 1960‑களின் தொலைக்காட்சித் தொடருக்காகச் செய்யப்பட்ட படப்பிடிப்பு மாதிரி சுமார் 3.4 மீட்டர் நீளம் கொண்டது. பின்னர் அதனுள் விளக்குகள் பொருத்தப்பட்டபோது கம்பிகள் இடப்புறமாக வெளியே எடுக்கப்பட்டன. கேமரா பெரும்பாலும் வலப்புறத்தையே பார்த்ததால் இடப்புறம் முழுமையாக முடிக்கப்படாமலேயே விடப்பட்டது. அந்த மாதிரி இன்று ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2016‑இல் சீரமைப்பு முடிந்து மீண்டும் காட்சிக்கு வந்தது. மேசைமேல் வைக்கும் மாதிரிக்குக் கேமரா பார்க்காத பக்கம் என்று ஒன்று கிடையாது. எனவே எல்லாக் கம்பிகளும் கப்பலின் அடிவயிற்றில் நுழையும் ஒரே ஒரு பித்தளைக் குழாயின் வழியாகப் பீடத்துக்குள் இறங்க வேண்டும் என்று முதல் நாளே முடிவு செய்தேன். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாயே கப்பலின் எடையையும் தாங்குகிறது.

விளக்குகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். சன்னல்கள், கப்பலின் பெயர்மேல் ஒளி வீசும் விளக்குகள் ஆகியவை எப்போதும் நிலையாக எரிபவை. தட்டின் இடப்புறத்துச் சிவப்பு, வலப்புறத்துப் பச்சை வழிகாட்டு விளக்குகளும், மின்னல்போல் ஒரு கணம் வெட்டி அணையும் வெண்மையான ஸ்ட்ரோப் விளக்குகளும் விட்டு விட்டு எரிபவை; இடம் சிவப்பு, வலம் பச்சை என்ற இந்த வழக்கம் கடற்கப்பல்களிலும் விமானங்களிலும் உள்ளதுதான். மூன்றாவது வகை, கப்பலின் நிலைக்கு ஏற்ப மாறுபவை. சாதாரண வேகத்தில் செல்லும்போது முன்பக்கத்து டிஃப்ளெக்டர் வட்டு (கதையில், வழியிலுள்ள தூசு துகள்களை விலக்கும் கருவி) பொன்னிறமாகவும், தட்டின் பின்புறத்தில் அந்த வேகத்துக்கான இம்பல்ஸ் எஞ்சின் செம்மஞ்சளாகவும் ஒளிரும். ஒளியை விஞ்சும் வார்ப் வேகத்துக்கு மாறியதும் வட்டு நீலமாகி, பின்னால் நீளும் நேசல் என்ற இரண்டு எஞ்சின் குழல்களின் உட்பக்கக் கம்பித்தட்டிகளும் நீல ஒளி பெறும். இந்த மாற்றத்துக்கு நுண்செயலி எதுவும் தேவையில்லை. இருபக்கச் சுவிட்ச் ஒன்றே போதும். ஒரு பக்கம் தள்ளினால் பொன்னிறமும் செம்மஞ்சளும், மறுபக்கம் தள்ளினால் வட்டின் நீலமும் நேசல்களும் எரியும்.

மின்கணக்கு எளிமையானதுதான் என்றாலும், தாளில் எழுதிப் பார்க்காமல் தொடங்கக் கூடாது. 12 வோல்ட் அடாப்டரைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றைத் தொடரிணைப்பில் வைத்தால் 9.6 வோல்ட் போக 2.4 வோல்ட் மீதம் இருக்கும். பெரும்பாலான சிறு எல்.இ.டி.க்கள் 20 மில்லியாம்பியர் வரை தாங்கும் என்றாலும் மாதிரிக்குள் அவ்வளவு வெளிச்சம் தேவைப்படாது என்பதால் 5 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டேன். 2.4 வோல்ட்டை 0.005 ஆம்பியரால் வகுத்தால் தொடரில் சேர்க்க வேண்டிய மின்தடை 480 ஓம்; சந்தையில் எளிதாகக் கிடைக்கும் அடுத்த மதிப்பு 470 ஓம். பொன்னிற எல்.இ.டி.க்களுக்கு ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.1 வோல்ட்தான் என்பதால் அங்கே அதே மின்னோட்டத்துக்கு 1.2 கிலோஓம் தேவைப்பட்டது. மொத்தம் 24 வெள்ளைத் தொடர்கள், அவற்றோடு வண்ண விளக்குகள். எல்லாம் சேர்ந்தும் 200 மில்லியாம்பியரைத் தொடவில்லை. 1 ஆம்பியர் அடாப்டர் தாராளம்.

இந்தத் திட்டத்தில் நான் எடுத்த முடிவுகளிலேயே மிகவும் பயன்பட்டது, மின்தடைகள் அனைத்தையும் கப்பலுக்குள் வைக்காமல் பீடத்தில் வைத்ததுதான். ஒவ்வொரு தொடருக்கும் தனித்தனியாக ஒரு கம்பி பீடம் வரை வருகிறது. திரும்பும் பாதைக்கு மட்டும் பொதுவான தடித்த கம்பி ஒன்று. கம்பிகளின் எண்ணிக்கை கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பிகள் முப்பதைக் கற்றையாகக் கட்டினாலும் 6 மில்லிமீட்டர் குழாயில் இடம் மிஞ்சுகிறது. அவ்வளவு மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அதன் தடை மீட்டருக்கு அரை ஓம் அளவுதான், 5 மில்லியாம்பியர் ஓட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு கம்பியின் முனையிலும் எண் எழுதிய சிறு காகிதத் துண்டை ஒட்டி, அந்த எண்ணுக்கு எதிரே எந்த இடத்து விளக்கு என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

சோதனைப் பலகையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு தவறு நேர்ந்தது. அவசரத்தில் ஒரு வெள்ளை எல்.இ.டி.யையும் ஒரு சிவப்பு எல்.இ.டி.யையும் ஒரே மின்தடையைப் பகிரும்படி பக்க இணைப்பில் கொடுத்துவிட்டேன். சிவப்பு எரிந்தது, வெள்ளை எரியவே இல்லை. வெள்ளை பழுதாகிவிட்டது என்று எண்ணி இரண்டை மாற்றிய பிறகுதான் காரணம் புரிந்தது: சிவப்பு 2 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தைக் கடத்தத் தொடங்கிவிடுவதால், இணைப்பின் மின்னழுத்தம் வெள்ளை எரியத் தேவையான 3 வோல்ட்டுக்கு ஏறவே ஏறாது. வெவ்வேறு நிறங்களை ஒரே மின்தடையில் பக்க இணைப்பாகக் கொடுக்கலாகாது.

விட்டு விட்டு எரியும் விளக்குகளுக்கு 1972 முதல் விற்பனையில் இருக்கும், நேரத்தை அளந்து மின்னோட்டத்தை விட்டு விட்டுத் தரும் 555 என்ற ஐ.சி.யையே பயன்படுத்தினேன். வழிகாட்டு விளக்குகளுக்கு 10 கிலோஓம், 68 கிலோஓம் மின்தடைகளும் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் வைத்தால், ஏறத்தாழ அரை விநாடி எரிந்து அரை விநாடி அணையும். ஸ்ட்ரோப் விளக்குக்கு இது பொருந்தாது. அது கண் சிமிட்டும் நேரத்துக்கு எரிந்து, நீண்ட நேரம் இருண்டிருக்க வேண்டும். ஆனால் வழக்கமான 555 சுற்றில் வெளியீடு உயர்நிலையில் இருக்கும் நேரம் தாழ்நிலை நேரத்தைவிட எப்போதும் அதிகம். இதற்கான வழி, எல்.இ.டி.யைத் திருப்பி இணைப்பது: நேர்மின் முனைக்கும் ஐ.சி.யின் வெளியீட்டுக்கும் இடையே எல்.இ.டி.யை அதன் மின்தடையோடு வைத்தால், வெளியீடு தாழும்போது மட்டும் அது எரியும். 100 கிலோஓம், 10 கிலோஓம், அதே 10 மைக்ரோஃபாரட் என்று வைத்தபோது முக்கால் விநாடி இருளும் 0.07 விநாடி ஒளியும் கிடைத்தன. முதல் முறை அது வெட்டியபோதே கப்பலுக்கு உயிர் வந்துவிட்டதுபோல் எனக்கு இருந்தது. இந்த இரண்டு சுற்றுகளும் பீடத்திலேயே இருக்கின்றன.

இனி இருட்டாக்கும் வேலை. எல்லாப் பாகங்களின் உட்புறத்தையும் சோப்பு நீரில் கழுவி உலரவைத்த பிறகு, முதலில் கருப்பு வண்ணத்தை ஏர்பிரஷ்ஷால் (காற்றழுத்தத்தில் வண்ணம் தெளிக்கும் கருவி) இரண்டு பூச்சு அடித்தேன். கருப்பு ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அதன் மேல் வெள்ளி நிறமும், அதற்கு மேல் பளபளப்பான வெள்ளையும் பூச வேண்டும்; அப்போதுதான் உள்ளே இருக்கும் குறைந்த ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிச் சன்னல்களை வந்தடையும். வெள்ளையை மட்டும் பூசிவிட்டு அடைத்துவிட்டதாக நினைப்பது பலர் செய்யும் பிழை. வெள்ளை எத்தனை பூச்சு அடித்தாலும் கொஞ்சம் ஒளியை விட்டுக்கொண்டேதான் இருக்கும். கருப்பைப் பூசியபின் மீண்டும் இருட்டறையில் டார்ச் பிடித்துப் பார்த்தேன். தட்டையான பரப்புகள் சரியாக இருந்தன. ஆனால் கோணங்களில், விளிம்புகளில், சன்னல் துளைகளின் உட்சுவர்களில் வண்ணம் மெலிந்திருந்தது. ஏர்பிரஷ் எங்கெல்லாம் சாய்வாக அடிக்கிறதோ அங்கெல்லாம் பூச்சு மெலிகிறது. அந்த இடங்களை 0 எண் தூரிகையால் கையாலேயே தொட்டுத் தொட்டு நிரப்பினேன்.

சன்னல் துளைகளின் உட்சுவரைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். 1 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துளையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அது ஒரு சிறு சுரங்கம். பிளாஸ்டிக்கின் தடிமன் முழுவதும் அதன் சுவர். அந்தச் சுவரில் கருப்பு ஏறாவிட்டால், உள்ளிருந்து வரும் ஒளி சுவரின் வழியாகப் பிளாஸ்டிக்குக்குள் நுழைந்து, வெளிப்புறத்தில் சன்னலைச் சுற்றி ஒரு மங்கலான ஒளிவட்டத்தை உண்டாக்கும். சன்னலின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் அந்தச் சுவர் கருப்பாக இருந்தாக வேண்டும். மெல்லிய கருப்பு வண்ணத்தில் தோய்த்த தூரிகை நுனியைத் துளையில் வைத்ததும் வண்ணம் தானாகவே உள்ளே இழுக்கப்பட்டுச் சுவரெங்கும் பரவுகிறது. மிகுந்ததை ஒரு பஞ்சு நுனியால் ஒற்றி எடுக்க வேண்டும். தட்டின் விளிம்புச் சன்னல்களை மட்டும் இப்படி முடிக்க எனக்கு நான்கு மாலைகள் ஆயின. செய்து முடித்தபின் இருட்டில் பார்த்தபோது ஒவ்வொரு சன்னலும் ஊசியால் வரைந்ததுபோல் நின்றது.

துளைகளை நிரப்பத் தொகுப்புடன் வந்த ஒளிபுகும் பாகங்களையே பயன்படுத்தினேன். அவை இல்லாத இடங்களில், காய்ந்ததும் தெளிவாகும் வெள்ளை மரப்பசையைக் குச்சி நுனியால் துளையின் குறுக்கே இழுத்துவிட்டேன். ஒளிபுகும் பாகங்களுக்கு அருகில், நொடியில் ஒட்டும் ‘சூப்பர் க்ளூ’ வகையான சயனோஅக்ரிலேட்டுப் பசையைக் கொண்டுபோகக் கூடாது. அதன் ஆவி படிந்தால் பாகத்தின் மேல் வெண்ணிறப் படலம் ஒன்று தோன்றிவிடும்; ஒளியிழைகளையோ அது எளிதில் முறியும்படி ஆக்கிவிடும். பாகங்களின் உட்பக்கத்தில் மங்கல் வார்னிஷ் பூசியது இன்னொரு காரணத்துக்காக: தெளிவான சன்னல் வழியே பார்த்தால் எதிர்ச்சுவரில் ஒட்டியுள்ள எல்.இ.டி.யின் மஞ்சள் புள்ளியே கண்ணில் படும், மங்கலான சன்னலில் அறையின் ஒளி மட்டும் தெரியும். எல்லாச் சன்னல்களையும் ஒளிரவிடவும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் வாழும் ஒரு கலத்தில் சிலர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். உட்புறத்தில் ஆங்காங்கே கருப்புத் தாள் துண்டுகளை ஒழுங்கில்லாமல் ஒட்டி, நான்கில் ஒரு சன்னலை இருட்டாக்கினேன். இன்னும் சிலவற்றின் பின்னால் இளம்பழுப்பு நிறம் தீட்டிய தாளை வைத்தேன். அந்தச் சிறு வேறுபாடுதான் வரிசையாக நிற்கும் துளைகளைக் குடியிருப்புகளாக மாற்றுகிறது.

உள்ளே எல்.இ.டி.க்களைச் சன்னலை நோக்கி நேராகத் திருப்பாமல், எதிர்ச்சுவரை நோக்கித் திருப்பி ஒட்டினேன். நேராகத் திருப்பினால் அருகிலுள்ள சன்னல் கண்ணைக் கூசும்படி எரிய, ஒரு விரற்கடை தள்ளி இருப்பது மங்கிப்போகும். தட்டின் உட்பகுதியைக் கருப்புப் பிளாஸ்டிக் தகடுகளால் எட்டு அறைகளாகத் தடுத்தேன். சிவப்பு, பச்சை விளக்குகளின் ஒளி அக்கம்பக்கத்துச் சன்னல்களில் கலக்காமல் இருக்க இந்தத் தடுப்பு அவசியம்.

இந்தப் படத்துக் கப்பலின் தனிச்சிறப்பு, அது தன்னையே ஒளியூட்டிக்கொள்வது. சிறப்பு ஒளிப்படக் காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த டக்ளஸ் ட்ரம்புல், விண்மீன்களுக்கு இடையேயான இருளில் கப்பலை ஒளியூட்ட வெளியிலிருந்து வேறு எதுவும் இல்லை என்று கருதி, கப்பலின் விளக்குகளே அதன் உடலின்மேல் விழும்படி காட்சிகளை அமைத்தார். தட்டின்மேல் எழுதப்பட்ட பெயரும் என்.சி.சி.‑1701 என்ற எண்ணும் இருளில் தெரிவது அதனால்தான். மாதிரியில் அதைச் செய்ய, தட்டின் நடுமேட்டின் ஓரத்தில் 0.8 மில்லிமீட்டர் துளையிட்டு, உள்ளே 1.6 மில்லிமீட்டர் நீளமுள்ள 0603 அளவு எல்.இ.டி.யைப் பதித்தேன். துளையின் சாய்வு ஒரு பாகை மாறினாலும் ஒளிவட்டம் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும். பிளாஸ்டிக் துண்டுகளில் பலமுறை துளையிட்டுப் பழகிய பிறகே தட்டின்மேல் கை வைத்தேன்.

அத்தனை சிறிய எல்.இ.டி.க்குக் கம்பி பற்றவைப்பதை அருகிலிருந்து பார்த்தால் இப்படி இருக்கும்: எல்.இ.டி.யை மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தில் கவிழ்த்து வைத்து, இரு முனைகளிலும் சால்டர் நன்றாகப் பற்ற உதவும் ஃபிளக்ஸ் பசையை ஊசியால் தொட்டுவிட வேண்டும். எனாமல் கம்பியின் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்குச் சூடான சால்டர் குமிழில் தோய்த்தால் எனாமல் எரிந்து, செம்பு வெள்ளியாக மின்னும். அந்த நுனியை முனையின்மேல் வைத்துச் சால்டரிங் முனையால் ஒரு விநாடி தொட்டு உடனே எடுத்துவிட வேண்டும். இரண்டாவது விநாடிக்குள் எல்.இ.டி. டேப்பை விட்டு நகரத் தொடங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு செய்யும் வேலை இது. பற்றவைப்பை எப்போதும் மாதிரிக்கு வெளியிலேயே முடித்துவிட வேண்டும், ஏனெனில் பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸ் அருகிலேயே இளகிவிடும். சால்டரிங் முனையோ 350 டிகிரியில் இருக்கிறது.

நேசல் குழல்களுக்குச் செல்லும் தாங்கு கைகள் மிக மெல்லியவை. அவற்றின் உட்புறத்தில் ஒரு வாய்க்கால் வெட்டிக் கம்பிகளைப் படுக்கவைத்து, மேலே ஒளிக்கசிவைத் தடுக்க அலுமினியப் படல டேப்பை ஒட்டினேன். அங்கேதான் இந்தப் பணியின் பெரிய கோளாறு காத்திருந்தது. பாகங்களை ஒட்டுவதற்கு முன், ரப்பர் வளையங்களால் கட்டி எல்லாவற்றையும் ஒரு நாள் முழுவதும் எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். சுவிட்சை வார்ப் நிலைக்குத் தள்ளியதும் இடது நேசல் நீலமாக எரிந்தது. வலது நேசலில் பாதி எரியவில்லை. சில நிமிடங்களில் பீடத்திலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தது. தொட்டுப் பார்த்தபோது அந்தத் தொடரின் 470 ஓம் மின்தடை விரலைச் சுட்டது.

மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரால் அளந்தேன். அந்தத் தொடரின் கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே தடையே இல்லை, எங்கோ குறுக்குச்சுற்று. தாங்கு கையைப் பிரித்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, அலுமினியப் படலத்தின் வெட்டிய ஓரம் இரண்டு கம்பிகளின் எனாமலையும் சுரண்டி, உலோகம் இரண்டையும் இணைத்துவிட்டிருந்தது. மின்தடை கப்பலுக்குள் எல்.இ.டி.க்கு அருகில் இருந்திருந்தால், அடாப்டரின் முழு மின்னோட்டமும் முடி போன்ற அந்தக் கம்பியின் வழியே பாய்ந்து, பிளாஸ்டிக்கை உள்ளிருந்தே உருக்கியிருக்கும். பீடத்தில் இருந்ததால் 12 வோல்ட்டும் 470 ஓமின் மேல் விழுந்து, 25 மில்லியாம்பியரோடு நின்றுவிட்டது. அதுவே 0.3 வாட், நான் வைத்திருந்ததோ கால் வாட் மின்தடை. ஆகவே அது சுட்டதே தவிரக் கப்பலுக்குச் சேதம் எதுவும் இல்லை. படல டேப்பை முழுவதுமாக உரித்துவிட்டுக் கருப்பு வண்ணம் கலந்த பட்டியால் வாய்க்காலை மூடினேன். பித்தளைக் குழாயின் இரு வாய்களையும் அரத்தால் மழுக்கி, சூட்டில் சுருங்கும் உறையை அணிவித்ததும் இதற்குப் பிறகுதான். உலோக விளிம்பும் எனாமல் கம்பியும் ஒன்றையொன்று தொடும் இடம் எதுவும் மாதிரிக்குள் இருக்கக் கூடாது.

பழுதைச் சரிசெய்து மீண்டும் ஒரு முழுநாள் எரியவிட்ட பிறகே பசையை எடுத்தேன். பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மெல்லிய பசையை இணைப்புக் கோட்டில் தூரிகையால் தொட்டால் அது தானே ஓடிப் பரவுகிறது. தட்டின் சுற்றளவைக் கைப்பிடி கைப்பிடியாக, ஒவ்வொரு பகுதியையும் கவ்விகளால் அழுத்திப் பிடித்து ஒட்டினேன். அடைபட்ட கூட்டுக்குள் கரைப்பானின் ஆவி தங்கினால் உட்பூச்சும் பாகங்களும் இளகிவிடும் என்பதால், தட்டைக் கப்பலின் உடலோடு இணைக்கும் கழுத்துப் பகுதி சேரும் வாயை இரண்டு நாள் திறந்தே வைத்திருந்தேன்.

கழுத்தை ஒட்டிப் பட்டியால் நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்த பிறகு இருட்டில் பார்த்தபோது, இடப்புறக் கோட்டில் முடி அளவுக்கு ஓர் ஒளிக்கீற்று தெரிந்தது. பட்டியே ஒளியை விட்டுக்கொண்டிருந்தது. கோட்டைக் கத்தியின் பின்முனையால் மெல்லக் கீறி ஆழப்படுத்தி, கருப்பு வண்ணத்தை அதில் ஓடவிட்டு, காய்ந்ததும் மேலே மீண்டும் பட்டி வைத்துத் தேய்த்தேன். அதன்பின் கப்பல் முழுவதற்கும் வெளிப்புறத்திலும் ஒரு பூச்சுக் கருப்பு அடித்துவிட்டே பிரைமருக்குப் போனேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். உள்ளே ஒரு கருப்பு, வெளியே ஒரு கருப்பு என்று இரண்டு சுவர்கள் இருந்தால் கசிவுக்கு வழியே இல்லை.

வெளிவண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். படத்துக்காகச் செய்த சுமார் 2.4 மீட்டர் நீள மாதிரியில் முத்துப்போல் மின்னும் வண்ணங்களால் தகடு தகடாக வேலைப்பாடு செய்திருந்தார்கள். பார்க்கும் கோணம் மாறினால் தகடுகளின் நிறமும் மாறும். வெள்ளைக்கு மேல் ஒட்டு வார்ப்புருக்களை வைத்து, முத்து வண்ணங்களை மிக மெல்லியதாக அடித்து அதை அணுக முயன்றேன். சன்னல்களை மூடப் பூசியிருந்த மறைப்புத் திரவத்தை ஊசியால் ஒவ்வொன்றாக உரித்தெடுப்பதற்கே ஒரு விடுமுறை நாள் தேவைப்பட்டது.

கடைசியாகப் பீடத்தில் வைத்து எல்லாவற்றையும் எரியவிட்டபோது, சன்னல்கள் நான் நினைத்ததைவிடப் பிரகாசமாக இருந்தன. முத்து வண்ணத்தின் நுட்பமான வேலைப்பாட்டை அந்த வெளிச்சம் அமுக்கிவிட்டது. பீடத்தின் அடித்தகட்டைத் திறந்து, சன்னல் தொடர்களின் 470 ஓம் மின்தடைகளை 1 கிலோஓமுக்கு மாற்றினேன், மின்னோட்டம் 2.4 மில்லியாம்பியருக்கு இறங்கியது. பெயர் விளக்குகளை மட்டும் பழைய அளவிலேயே விட்டேன். இப்போது அறையை முழுதாக இருட்டாக்காமல், மாலை வெளிச்சத்திலேயே வைத்துப் பார்க்க முடிகிறது: முதலில் பெயர் தெரிகிறது, பிறகு கண் பழகப் பழக விளிம்புச் சன்னல்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

சென்ற வாரம் வார்ப் நிலையில் வைத்துப் பின்புறமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலது தாங்கு கை நேசலோடு சேரும் மூலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு நீலப் புள்ளியைக் கண்டேன். கருப்பு ஒரு துளி, அது காய்ந்ததும் வெள்ளை ஒரு துளி, மேலே முத்து வண்ணம் ஒரு துளி வைத்தேன். புள்ளி மறைந்துவிட்டது.